செல்போனுக்கு முன்பே காசிம் வாசித்த மெட்டு

காசிம் அந்தக் கிட்டாரைத் திருடவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், கும்மிடிப்பூண்டியில் நாங்கள் வேலை பார்த்த இரும்பு வார்ப்பட ஆலையின் விசாரணை அறையில், மூன்று அதிகாரிகள் முன்னால், "எனக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது" என்று சொன்னேன். அவருக்கு வேலை போயிற்று. எனக்கு அடுத்த ஆண்டே பதவி உயர்வு கிடைத்தது.

எங்கள் ஓய்வுபெற்றோர் சங்க மலருக்கு என் இருதய அறுவைச் சிகிச்சையைப் பற்றி எழுதச் சொன்னார்கள். பைபாஸுக்குப் போகப் போகிறவர்களுக்குக் கொஞ்சம் தைரியம் வரும் என்றார்கள். எழுதுகிறேன். ஆனால் முதல் பத்தியில் சொன்னதை விட்டுவிட்டு எழுதினால் நான் ஏதோ நல்ல மனிதன், நோயை வென்றவன் என்று படிப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். ஆகவே இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

வலி வந்தது திருவள்ளூர் ரயில் நிலையத்து மேம்பாலத்தில், பாதிப் படியில். மார்பின் நடுவே யாரோ முழங்காலை ஊன்றி அழுத்துவது போல இருந்தது. அது மெல்ல இடது தாடைக்கு ஏறியது. வாயு என்று நினைத்தேன். கீழே இறங்கி ஒரு சோடா குடித்தேன். பெரிதாக ஒரு ஏப்பம் வந்தது. வலி போகவில்லை, ஆனால் ஏப்பம் வந்த திருப்தியில் பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு மணி நேரத்துக்காகப் பின்னால் டாக்டர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். தாடைக்கு ஏறும் வலிக்கு சோடா மருந்தல்ல. இதை மட்டுமாவது படிக்கிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

என் மகள் சுதா பள்ளி ஆசிரியை. அவள்தான் ஆட்டோவில் ஏற்றி நர்ஸிங் ஹோமுக்குக் கொண்டுபோனாள். அங்கிருந்த இளம் டாக்டர் ஈ.சி.ஜி. தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார்.

"நாஷ்டா சாப்ட்டீங்களா?"

"இல்ல டாக்டர்."

"நல்லதாப் போச்சு. இந்த மாத்திரைங்கள மென்னு முழுங்குங்க. ஆம்புலன்ஸ் வருது."

அன்று மதியமே சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையில் இருந்தேன்.

மறுநாள் ஆஞ்சியோகிராம். தொடையில் ஊசி குத்தும் இடத்தை மரத்துப்போகச் செய்துவிட்டு, அங்குள்ள இரத்தக் குழாய் வழியாக மெல்லிய ஒயர் போன்ற ஒரு குழலை இருதயம் வரைக்கும் செலுத்துகிறார்கள். அதன் வழியாக ஒரு சாயத்தை விடும்போது உடம்பு முழுக்க ஒரு சூடு பரவும். பயப்பட வேண்டியதில்லை, பத்து நொடியில் போய்விடும். சாயம் ஓடும் பாதை திரையில் மரக்கிளை போலத் தெரிகிறது. கிளை எங்கே மெலிகிறதோ அங்கே அடைப்பு. வலியை விடக் கஷ்டம் அதற்குப் பின்னால்தான்: ஆறு மணி நேரம் அந்தக் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும். எனக்கு மூன்று கிளைகளில் அடைப்பு. ஸ்டென்ட் என்கிற சல்லடைக் குழலை வைத்துத் திறக்க முடியாத இடங்கள். பைபாஸ்தான் என்றார்கள்.

உடனே செய்யவில்லை. எனக்கு முதலில் கொடுத்த மாத்திரை இரத்தத்தை உறையவிடாமல் தடுப்பது. அதை நிறுத்தி ஐந்து நாளாவது போனால்தான் கத்தி வைக்க முடியும். இல்லாவிட்டால் இரத்தம் நிற்காது. சர்க்கரையும் இறங்க வேண்டியிருந்தது. இப்படி ஒன்பது நாள் வார்டில் காத்திருந்தேன். அறுவைச் சிகிச்சையை விடப் பெரிது அந்த ஒன்பது நாள்.

பக்கத்துக் கட்டிலில் முனிரத்தினம் என்கிற விவசாயி. பொன்னேரி பக்கம் ஆரணிக்காரர், என் வயதுதான். அவருக்கும் பைபாஸ். மகன் அவர் சட்டைப் பையில் ஒரு செல்போனை வைத்துவிட்டுப் போயிருந்தான். அது அடிக்கும். அவர் எடுக்கமாட்டார். முழுசாக அடித்து ஓயும்.

"எடுங்களேன்," என்றேன்.

"எந்த பட்டன்னு மறந்துட்சி சார். பச்சையா, செவப்பா? தப்பா அமுக்கினா புள்ளைய கட் பண்ணிடும். ஓயட்டும் வுடு. சாயங்காலம் நேர்ல தான வரப் போறான்."

மூன்றாம் நாள் அவரே கேட்டுவிட்டார். "இன்னா சார், போன் அடிச்சாலே செவுத்த பாத்துத் திரும்பிப் படுத்துக்கிறீங்க? பாட்டு புடிக்கலையா?"

"ரொம்பப் புடிச்ச பாட்டு."

"புடிச்ச பாட்டுக்கு மூஞ்சிய காட்டணும் சார். முதுக காட்டக் கூடாது."

அந்த மெட்டு எல்லோருக்கும் தெரியும். அந்தக் கம்பெனி போன் வாங்கினால் பெட்டியிலிருந்து எடுக்கும்போதே அதுதான் அடிக்கும். பதின்மூன்று சுரங்கள். மின்சார ரயிலில், கலெக்டர் ஆபீஸ் வரிசையில், கல்யாணப் பந்தியில், சாவு வீட்டில், எங்கும் அடித்துக்கொண்டிருந்தது. அது போன் கம்பெனி போட்ட மெட்டு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அது நூறு வருடப் பழைய ஸ்பானிய கிட்டார் இசை ஒன்றிலிருந்து வெட்டி எடுத்த ஒரு துண்டு. அதன் முழு இசையையும் செல்போன் என்று ஒன்று வராத காலத்திலேயே, கும்மிடிப்பூண்டியில் ஒரு ஃபிட்டர் வாசித்ததை நான் கேட்டிருக்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் எங்கள் ஆலைக்கு ஸ்பெயினிலிருந்து ஒரு மோல்டிங் இயந்திரம் வந்தது. அதை நிறுவ ஒரு எஞ்ஜினியர் வந்து ஏழு மாதம் தங்கினார். தொழிலாளர்கள் அவரை அந்தோணி சார் என்றார்கள். இயந்திரத்தோடு தன் கிட்டாரையும் கொண்டுவந்திருந்தார். ஷிப்ட் முடிந்ததும் விருந்தினர் விடுதித் தாழ்வாரத்தில் வாசிப்பார். பராமரிப்புப் பிரிவின் அதிகாரி என்கிற முறையில் நான் அவரோடு இருப்பேன். பழவேற்காட்டிலிருந்து வேலைக்கு வந்த காசிம், அவருக்கு உதவியாகக் கொடுக்கப்பட்ட ஃபிட்டர். இருபத்தேழு வயது. இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. இரண்டு பேரும் கேட்டோம், இரண்டு பேருக்கும் கற்றுக்கொடுத்தார்.

அவர் கற்றுக்கொடுத்தவற்றில் பெரியது அந்த வால்ட்ஸ். வால்ட்ஸ் என்பது மூன்று தட்டில் சுழலும் நடன இசை. முதல் தட்டு கனம், அடுத்த இரண்டும் லேசு. கட்டைவிரல் கீழே கனமான தந்தியைத் தொட, மற்ற விரல்கள் மேலே பதில் சொல்லும். கேட்க எளிமையாகத் தோன்றும். விளையாட்டுப் போல ஆரம்பித்து, திடீரென்று ஒரு வளைவில் திரும்பி, வேறு ஒரு வெளிச்சத்துக்குள் போய்விட்டு, எதுவும் நடக்காதது போலத் திரும்பி வந்து நிற்கும். நான் கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்தவன். அவ்வளவு சின்ன இடத்துக்குள் அவ்வளவு மகிழ்ச்சியை அடைத்துவைத்த இன்னொன்றை நான் கேட்டதில்லை. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

எனக்கு அது வரவில்லை. சுரம் பிசகாமல் வாசிப்பேன், ஆனால் வரவில்லை. காசிமுக்கு வந்தது. ஆங்கிலம் தெரியாது, ஸ்பானிய மொழி தெரியாது, சுர எழுத்துத் தெரியாது. அந்தோணி சாரின் விரலைப் பார்த்தே எடுத்துக்கொண்டார். கிட்டாருக்கு வலது கையில் கொஞ்சம் நகம் வேண்டும். ஃபிட்டர் கையில் நகம் நிற்காது. அதற்காக வலது கைக்கு மட்டும் தோல் உறை போட்டு ஸ்பானர் பிடித்தார். நகத்தை எமரித் தாளில் தேய்த்து மழுக்குவார். "என்னாடா பாய், கல்யாணப் பொண்ணு மாதிரி நகம் வளக்குற," என்று ஷெட்டே சிரிக்கும். அவரும் சிரிப்பார்.

ஒரு நாள் சொன்னார்: "கட்டவெரலு பெரியவரு மாதிரி நடந்துக்கினே போவுது சார். மத்த வெரலுங்க புள்ளைங்க மாதிரி பின்னாலயே குதிச்சிக்கினு வருது. பெரியவரு வேகமாவும் போவக்கூடாது, நிக்கவும் கூடாது. அவ்ளோதான் சார் இந்தப் பாட்டு."

ஒரே ஒரு இடத்தில் நான் அவரைத் திருத்துவேன். அந்தப் பதின்மூன்று சுரங்கள் வருவதற்கு முன்னால் அவர் ஒரு கணம் தயங்குவார். "எண்ணி வாசிடா, தாளம் போகுது பார்," என்பேன். அன்று நான் அவரை வாடா போடா என்றுதான் பேசினேன். அந்தோணி சார் என்னைத்தான் பார்ப்பார்.

கிளம்பும் நாளன்று அந்தோணி சார் தன் அரைகுறை ஆங்கிலத்தில் என்னிடம் சொன்னார்: "கிட்டார் காசிமுக்கு. நீங்கள் பேப்பர் போட்டுக் கொடுங்கள்." பேப்பர் என்றால் கேட் பாஸ். எங்கள் ஆலையில் ஒரு பழைய திருகாணி வெளியே போவதென்றாலும் அதிகாரி கையெழுத்திட்ட கேட் பாஸ் வேண்டும். எங்கள் பிரிவில் அந்தக் கையெழுத்து என்னுடையது. சரி என்றேன். அவர் போனார்.

மறுநாள் ஷிப்ட் முடிந்து காசிம் வந்தார். "சார், பாஸ்?"

"நீ எடுத்துக்கிட்டுப் போ. நான் கேட்டுக்குப் போன் பண்ணிச் சொல்லிடறேன்."

போன் செய்யவில்லை. மறந்துவிட்டேன் என்று இருபது வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை. போன் என் மேசைமேல் இருந்தது, கையை அதன்மேல் வைத்தேன், எடுக்கவில்லை. கேட்டில் சோதனையில் பிடித்தார்கள். அதற்குப் பிறகும் ஒரு வார்த்தையில் எல்லாவற்றையும் நிறுத்தியிருக்கலாம். விசாரணையில் அந்த வார்த்தையைத்தான் நான் சொல்லவில்லை. அந்தோணி சாருக்குத் தந்தி கொடுத்துக் கேளுங்கள் என்று காசிம் கெஞ்சினார். "அவர் முகவரி நம்மிடம் இல்லை" என்று சொன்னேன். இருந்தது. காசிம் என்னைப் பார்த்துவிட்டு, "சார் சொன்னா சரி," என்று சொல்லி எழுந்துவிட்டார்.

கிட்டார் காவலர் அறையில் ஒரு வருடம் கிடந்தது. கேட்பார் இல்லை என்று நானே கேட் பாஸ் போட்டு, நானே கையெழுத்திட்டு, வீட்டுக்கு எடுத்துவந்தேன். நான்கு முறை எடுத்து வாசித்திருப்பேன். பிறகு பரணில் ஏற்றிவிட்டேன். பதினைந்து வருடம் கழித்து அந்த மெட்டு ஊரெல்லாம் அடிக்க ஆரம்பித்தது.

ஆறாம் நாள் அறுவை மருத்துவர் வந்தார். பைபாஸ் என்றால், அடைபட்ட பாதைக்குப் பக்கத்தில் புதுப் பாதை போடுவது. அதற்கு வேறு இடத்திலிருந்து குழாய் எடுக்க வேண்டும். மார்புக்குள்ளிருந்து ஒன்று, காலிலிருந்து ஒன்று, இடது முன்கையிலிருந்து ஒன்று எடுக்கலாம் என்றார். கையிலிருந்து எடுப்பது காலிலிருந்து எடுப்பதைவிட நீடித்து உழைக்கும். கைக்கு இரண்டு குழாய்கள் உண்டு. ஒன்றை எடுத்தால் மற்றது பார்த்துக்கொள்ளும். அதைச் சோதிக்க, என்னை முஷ்டி பிடிக்கச் சொல்லி, மணிக்கட்டில் இரண்டையும் அழுத்தினார். விரித்தால் உள்ளங்கை வெளுத்திருந்தது. ஒன்றை மட்டும் விட்டார். சில நொடியில் சிவந்தது. பாஸ்.

"இடது கையால ஏதாவது நுணுக்கமான வேலை செய்யறதுண்டா? வாத்தியம், தையல், அப்படி? சில பேருக்குக் கட்டைவிரல் பக்கம் கொஞ்ச நாள் மரத்த மாதிரி இருக்கும்."

என் மனைவி கோமதி பதில் சொன்னாள்: "அதெல்லாம் ஒண்ணும் இல்லங்க டாக்டர். பேப்பர் புடிச்சிப் படிப்பாரு, அவ்ளோதான்."

"கிட்டார் வாசிப்பேன்," என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

"அப்படின்னா அந்தக் கைய விட்டுடலாம்," என்றார் டாக்டர் உடனே.

"வேணாம் டாக்டர், எடுத்துக்குங்க. எனக்கு அது தேவையில்ல."

அவர் போனதும் கோமதி கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "பரண்ல கீறத நீங்க ஒரு நாளும் எறக்கினதில்ல. இப்ப இன்னா கிட்டாரு?"

சொன்னேன். எல்லாவற்றையும். முப்பத்தெட்டு வருடம் ஆகிறது எங்களுக்குக் கல்யாணமாகி. என்னை அவள் அப்படிப் பார்த்ததில்லை.

"பொங்கலுக்குப் பொங்கல் அந்தப் பொட்டிய எறக்கித் தொடச்சி வெச்சேனே. அடுத்தவன் வயித்துல அடிச்சதுன்னு தெரியாமலேயே தொடச்சேனே. நல்லா இருக்குங்க உங்க நியாயம்."

அதற்குப் பிறகு ஒன்றரை நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் இரண்டு வேளையும் அவள் வீட்டில் சமைத்த ரசம் சாதம் வந்தது, உப்பில்லாமல், சுட்ட அப்பளத்தோடு. சுதா திருவள்ளூரிலிருந்து ரயிலில் தூக்கு வாளியை மடியில் வைத்துக்கொண்டு வருவாள். முனிரத்தினத்துக்கும் அதிலிருந்து ஒரு கிண்ணம் போகும். அவர் ரசத்தை உறிஞ்சிவிட்டுச் சொன்னார்: "அம்மா கோவமா கீறாங்க போல. ரசத்துல மொளகு தூக்கலா கீது." பிறகு குரலைத் தாழ்த்தி, "தப்பு பண்ணவங்களுக்குத்தான் சார் உப்பு கெடையாது, கோவத்துக்கு மொளகு போடலாம்," என்று சிரித்தார். எங்கள் பேச்சைக் கேட்டிருக்கிறார்.

பேச ஆரம்பித்தபோது கோமதி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "பொழச்சி எழுந்தா மொதல்ல அந்த ஆள போய்ப் பாருங்க. அதுக்கப்புறம் கோயிலு."

சுதாவிடம் அந்த இசை முழுசாக வேண்டும் என்று கேட்டேன். பெயர் சொல்லத் தெரியவில்லை. செல்போன் மெட்டு எதிலிருந்து வந்தது என்று தேடிப் பார் என்றேன். பிரவுசிங் சென்டரில் தேடி, ஒரு சி.டி.யில் பதிந்து, பக்கத்து வீட்டில் ஒரு சிறிய பிளேயரையும் வாங்கிக்கொண்டு வந்தாள். அறுவைச் சிகிச்சைக்கு முந்தின நாள் பகல். நெஞ்சிலும் காலிலும் முடி மழித்து, ஒரு மஞ்சள் மருந்து பூசி விட்டிருந்தார்கள். அந்தக் கோலத்தில் காதில் மாட்டிக்கொண்டு, இருபது வருடத்துக்குப் பிறகு அதை முழுசாகக் கேட்டேன்.

வாசித்தவர் உலகப் புகழ் பெற்ற கலைஞர் என்று சுதா சொன்னாள். முதல் தட்டிலேயே எனக்குக் கும்மிடிப்பூண்டி தாழ்வாரம் வந்துவிட்டது. எதுவும் பழசாகவில்லை. போனில் அந்தப் பதின்மூன்று சுரங்கள் ஒற்றைக் கம்பியாக, தனியாக, ஆளைக் கூப்பிடும். இசைக்குள் அவை அப்படி இல்லை. கீழே கட்டைவிரல் நடந்துகொண்டே இருக்கிறது. மேலே அவை ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்விடுகின்றன. கவனிக்காவிட்டால் தவறிப்போகும், அவ்வளவு லேசு. இவ்வளவு நாளும் இதன் ஒரு துண்டைக் கேட்டுத்தான் பயந்துகொண்டிருந்தேன். முழுசு பயப்பட வைப்பதில்லை. முழுசு மகிழ்ச்சி.

பிறகு ஒன்றைக் கவனித்தேன். மறுபடி வைத்துக் கேட்டேன். மூன்றாம் முறையும் கேட்டேன். அந்தச் சுரங்கள் வருவதற்கு முன்னால் அந்தக் கலைஞர் ஒரு கணம் தயங்குகிறார். காசிம் தயங்கிய அதே இடத்தில், அதே அளவு. நான் "எண்ணி வாசிடா" என்று திருத்திக்கொண்டே இருந்த இடம். பிழை காசிமுடையது அல்ல. அவர் இருபத்தேழு வயதில், எமரித் தாளில் தேய்த்த நகத்தோடு, யாரும் சொல்லிக்கொடுக்காமல் கண்டுபிடித்த இடம் அது. அன்று எனக்குச் சாவு பயம் போய்விட்டது என்று எழுதினால் பொய். பயம் கூடியது. காசிமைப் பார்க்காமல் செத்துவிடுவேனோ என்று புதிதாக ஒன்று சேர்ந்துகொண்டது.

அறுவைச் சிகிச்சையைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, நான் தூங்கிக்கொண்டிருந்தேன். விழித்தபோது தொண்டைக்குள் ஒரு குழாய். மூச்சை இயந்திரம் விடுகிறது. பேச முடியாது. இது எல்லோருக்கும் நடப்பது, சில மணி நேரத்தில் எடுத்துவிடுவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் பதற வேண்டியதில்லை. நெஞ்செலும்பை அறுத்துக் கம்பியால் கட்டியிருப்பார்கள். இருமும்போது ஒரு தலையணையை மார்போடு கட்டிக்கொண்டு இரும வேண்டும். சிரிப்பும் வலிக்கும்.

மூன்று சிறு பந்துகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் சாதனத்தைக் கையில் கொடுப்பார்கள். மூச்சை உள்ளே இழுத்தால் பந்து எழும்பும். நுரையீரல் விரிவதற்கான பயிற்சி. எனக்கு ஒரு பந்துதான் எழும்பியது. மீஞ்சூரைச் சேர்ந்த சிஸ்டர் ஜெயா இடுப்பில் கை வைத்து நிற்பாள்.

"இன்னா தாத்தா, ஒரு பந்தோட நிறுத்திக்கினீங்க? பக்கத்துல நெல்லுக்கார தாத்தா ரெண்டு தூக்கிட்டாரு."

"அவருக்கு எனக்கு முன்னாடியே ஆபரேஷன் ஆயிடுச்சு."

"சாக்கு சொல்லாதீங்க. இழுங்க. பாயசம் உறிஞ்சற மாதிரி இழுங்க."

அவளைப் போன்றவர்களுக்கு நாம் என்ன கொடுத்தாலும் போதாது. என் மலத்தைத் துடைத்த கையாலேயே என் கன்னத்தைத் தட்டி, "நைனா, நாளைக்கு நடக்கப் போறோம்," என்பாள். அந்தக் கையில் நான் கூசவில்லை. பில்லைப் பற்றி சுதா கடைசி வரை என்னிடம் வாய் திறக்கவில்லை. அது அவளுடைய கருணை. இடது முன்கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை அருகே வரை ஒரு தையல். கட்டைவிரலின் பின்பக்கம் இன்றும் மரத்துத்தான் இருக்கிறது.

அறுவைச் சிகிச்சை முடிந்து பதினோராம் நாள் வீடு. மூன்று மாதம் கழித்து, டாக்டர் பஸ்ஸில் போகலாம் என்று சொன்னதும், முதலில் பழைய ஆலைக்கு எழுதினேன். ஆலை கைமாறியிருந்தது. நடந்ததை எழுதி, காசிம் குற்றமற்றவர் என்று பதிவைத் திருத்தும்படி கேட்டு, பதிவுத் தபாலில் அனுப்பினேன். பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதல் அட்டை திரும்பி வந்தது. பதில் வரவில்லை. பிறகு கிட்டாரைப் பரணிலிருந்து இறக்கச் செய்து, அதை எடுத்துக்கொண்டு, கோமதியோடு பழவேற்காட்டுக்குப் போனேன்.

காசிம் பாய் என்று கேட்டதும் டீக்கடையில் ஒருவர், "யாரு, புளுகு பாயா?" என்றார். ஏரிக்கரையில் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் ஷெட் வைத்திருந்தார். தாடி நரைத்திருந்தது. கையில் கிரீஸ். என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை.

நீ என்பதா, நீங்கள் என்பதா என்று தெரியாமல் நின்றேன். "காசிம் பாய்," என்று ஆரம்பித்தேன்.

"பாஸ் போட்டு எடுத்துக்கினு வந்தீங்களா சார்?"

கோமதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். போன்மேல் கை வைத்து எடுக்காமல் விட்டதைச் சொன்னேன். முகவரி இருந்தது என்று சொன்னேன். மன்னிக்க வேண்டும் என்று சொன்னேன். அவர் ஒரு துணியால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"திருடன்னு ஒரு ரெண்டு வருசம் சொன்னாங்க சார். அப்பால மறந்துட்டாங்க. எஞ்சின் ரிப்பேராச்சின்னா திருடன் கிட்டயும் வந்து தான ஆவணும்?" துணியைப் போட்டார். "இந்த செல்போனு வந்துச்சே, அதான் பேஜாராப் போச்சு. இந்தப் பாட்ட நான் வாசிச்சிருக்கேன், போனு வர்றதுக்கு மின்னாடியேன்னு சொல்லிட்டேன். வாய் சும்மா இல்லாம. அன்னிலேர்ந்து புளுகு பாய். என் பொண்ணு கல்யாணத்துல மாப்ள ஊட்டுக்காரங்களே கேக்கறாங்க, மாமா, அடுத்த போனுக்கு இன்னா பாட்டு போட்டிருக்கீங்கன்னு."

"நான் இப்போ என்ன செய்யணும்?"

"வாங்க," என்று எழுந்தார்.

டீக்கடைக்கு அழைத்துப் போனார். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் கூடியிருந்த நேரம். "இவரு எங்க கம்பெனி ஆபீசரு. இன்னாவோ சொல்லணுமாம்," என்று மட்டும் சொல்லிவிட்டு மூலையில் உட்கார்ந்துகொண்டார். பன்னிரண்டு பதின்மூன்று பேர் இருப்பார்கள். நின்றுகொண்டே சொன்னேன். கிட்டாரை அவருக்குத்தான் கொடுத்தார்கள், நான்தான் கெடுத்தேன் என்றேன். இந்த மெட்டை, இதன் முழு இசையையும், இவர் இருபது வருடத்துக்கு முன் வாசித்ததை என் இரண்டு காதாலும் கேட்டேன் என்றேன். உலகத்தில் பெரிய பெயர் எடுத்தவர் வாசிப்பது போலவே இவர் வாசித்தார், அது அன்று எனக்குத் தெரியவில்லை என்றேன். நெஞ்செலும்பு வலித்தது.

புளுகு பாய் என்று சொன்ன அதே ஆள், "அப்ப நெஜமாத்தானா பாய்?" என்றார். ஒரு பெரியவர் என்னைக் கேட்டார்: "ஏன் சார், ஒரு வார்த்த சொல்லி இருந்தா முடிஞ்சிருக்குமே. உங்களுக்கு இன்னா அவர் மேல?"

மூலையிலிருந்து காசிம் சொன்னார்: "அவரும் வாசிச்சாரு பாய். என்ன வுட கொஞ்சம் கம்மியா."

கடையே சிரித்தது. நானும் சிரிக்க வேண்டியதாயிற்று. இருபது வருடமாக நான் எனக்கே சொல்லிக்கொள்ளாததை அவர் அன்றே அறிந்திருக்கிறார்.

திரும்ப ஷெட்டுக்கு வந்து கிட்டாரை எடுத்துப் பார்த்தார். கழுத்து கொஞ்சம் வளைந்திருக்கிறது, தந்தியை முறுக்கும் சாவி இரண்டு துருப்பிடித்திருக்கிறது, தந்தி மாற்ற வேண்டும் என்றார். எஞ்சினைப் பார்ப்பது போலத்தான் பார்த்தார். ஆனால் வைத்துக்கொண்டார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. கிளம்பும்போது எனக்கு ஆசை தாங்கவில்லை. "தந்தி மாத்தினதும் ஒரு தடவ வாசிச்சுக் காட்டுவீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

"இல்ல சார்," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "அன்னிக்கு அத இன்னாத்துக்கு எடுத்துக்கினு போனேன் தெரியுமா? எங்கப்பா, அத்தாக்கு வாசிச்சுக் காட்டறதுக்கு. கம்பெனில பாட்டு கத்துக்கினு கீறேன்னு ஏழு மாசமா சொல்லிக்கினே இருந்தேன். வாசல்ல பாய் போட்டு உக்காந்துக்கினு இருந்தாராம். அவரு மவுத்தாயி பதினோரு வருசம் ஆச்சு. கேக்கவே இல்ல. அப்பால என் ஊட்டுக்காரம்மா. அவங்களும் கேட்டதில்ல. பொண்ணு, பேரப்புள்ள, இப்ப இந்த டீக்கடைக்காரனுங்க. ஒரு வரிச கீதுல்ல சார்?"

"வரிசையில நான் இருக்கேனா?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"கீறீங்க," என்றார். "கடைசில."

அது நடந்து பதினான்கு மாதம் ஆகிறது. இன்னும் கூப்பிடவில்லை. நான் காலையில் நாற்பது நிமிடம் நடக்கிறேன். ஆறு மாத்திரைகளையும் வேளை தவறாமல் போடுகிறேன். உப்பு, எண்ணெய், இனிப்பு மூன்றையும் தொடுவதில்லை. போன மாதப் பரிசோதனையில் டாக்டர் இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, இந்த வயதில் இவ்வளவு ஒழுங்காக இருப்பவர்கள் குறைவு, எதற்காக இவ்வளவு கட்டுப்பாடு என்று கேட்டார். ஒருவர் கூப்பிடுவார், அதுவரைக்கும் இருக்க வேண்டும் என்று சொன்னேன்.